மாப்பிள்ளை, உங்கள் வண்டியை வந்து எடுத்துக்கொண்டு போங்கள்

மரக்காணம்,
வியாழக்கிழமை

மதிப்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை கலையரசன் அவர்களுக்கு,

மாமனார் தட்சணாமூர்த்தி எழுதுவது. ஓசூரில் நீங்களும் என் மகள் சரண்யாவும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே இருக்கிறோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் முதல் வரியிலேயே பொய் சொல்ல மனசு வரவில்லை. இதைப் போனில் சொல்லலாமே என்று நீங்கள் நினைக்கலாம். போனை எடுத்து நான் வாயைத் திறந்ததுமே, "மாப்பிள்ளைகிட்ட பேசற பேச்சா இது" என்று உங்கள் அத்தை பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறாள். அதனால் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். விஷயம் உங்கள் மோட்டார் சைக்கிளைப் பற்றியது.

பொங்கலுக்கு வந்தபோது, ஓசூரில் நிறுத்த இடமில்லை என்று அந்தப் பழைய வண்டியை எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போனீர்கள். "மாமா, என் முதல் சம்பளத்துல வாங்கினது, சும்மா நிறுத்தி வச்சா பேட்டரி போயிடும், நீங்களே ஓட்டுங்க" என்றீர்கள். பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளை பேச்சை மறுப்பானா? உப்பளத்துக்குப் போய்வர வைத்திருந்த நல்ல சைக்கிளை வேலையாளுக்குக் கொடுத்துவிட்டு உங்கள் வண்டியில் ஏறினேன். அதில் நீங்கள் ஆசை ஆசையாக மாட்டியிருந்த பஸ் ஹாரன், போன் சார்ஜ் போடுகிற பிளக், டேங்குக்கு அடியில் நீல லைட், இண்டிகேட்டர் போட்டால் கத்துகிற குருவி, எதையும் நான் குறை சொல்லவில்லை. எனக்கு வயது அறுபத்திரண்டு. குருவி கத்தக் கத்த உப்பளத்துக்குப் போனேன். வேலைக்கு வரும் பொம்பளைகள் சிரித்தார்கள். பொறுத்துக்கொண்டேன்.

மாசி பிறந்ததும் ஒரு நாள் காலையில் செல்ஃப் பட்டனை அமுக்கினால் டிக் டிக் என்று சத்தம் வருகிறதே தவிர வண்டி எழுந்திருக்கவில்லை. கிக்கரை உதைத்தாலும் இல்லை. பேட்டரி செத்துட்டா இந்த வண்டி உதைக்கும் மசியாதாம், மெக்கானிக் விஜயகுமார் சொன்னான். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கடை வச்சிருக்கானே, அவன்தான். "பேட்டரிதாண்ணே" என்று புதுசு மாட்டினான். அதுவும் ஒரே வாரத்தில் செத்தது. உங்களைக் கேட்டேன். "லைட்ட போட்டுக்கிட்டு எங்கியாவது நின்னு பேசிட்டிருந்தீங்களா மாமா?" என்றீர்கள். நான் யாரோடும் நின்று பேசுகிற ஆளில்லை என்று ஊருக்கே தெரியும். அப்புறம் விஜயகுமார், "ரெகுலேட்டர்தாண்ணே, சார்ஜ் ஏத்தற வேலையை அதுதான் பாக்குது" என்று அதையும் மாற்றினான். மாத்தினதும் என்னா ஆச்சு தெரியுமா? ஹெட்லைட் கலங்கரை விளக்கம் மாதிரி எரிஞ்சி, பட்டுனு பல்பு போச்சி. இன்னொரு பல்பு, அதுவும் போச்சி. கோட்டக்குப்பத்துல உப்பு வாங்கற பாய் வீட்டுக்குப் போய் நாற்காலியில உக்காந்து டீ குடிக்கறேன், பாய் என் காலையே பாக்கறாரு. குனிஞ்சி பாத்தா, சார்ஜ் ஏறி ஏறி பேட்டரி கொதிச்சி, ஆசிட்டு வழிஞ்சி, என் வெள்ளை வேட்டி வலது பக்கம் மொத்தம் சல்லடை. நல்ல மனுசன், ஒரு வார்த்தை கேக்கல, உள்ள போயி ஒரு கைலி கொண்டாந்து குடுத்தாரு. பாய் கைலியோட வீட்டுக்கு வந்த என்னை உங்க அத்தை எத்தனை கேள்வி கேட்டான்னு இங்க எழுத முடியாது.

அதோட விட்டுதா? இடையஞ்சாவடியில உங்க அப்பாவோட பங்காளி ஒருத்தர் தவறிட்டாரு, உங்களுக்கு லீவு கெடைக்கல, சம்பந்தி வீட்டுக்காக நான்தான் மாலையோட போனேன். தெரு முனையிலேயே இன்ஜினை நிறுத்திட்டு, மரியாதையா தள்ளிக்கிட்டுப் போறேன். பந்தல் கிட்ட போனதும் ஹாரன் தானா அடிக்க ஆரம்பிச்சிது. பஸ் ஹாரன்! சாவியைத் திருப்பறேன், நிக்கல. உப்புக் காத்துல சுவிட்சு உள்ளயே துருப்புடிச்சி ஒட்டிக்கிச்சாம், அதுக்கு நீங்க சாவிக்கு சம்பந்தமில்லாம பேட்டரியிலேந்து நேரா ஒயர் இழுத்து வச்சிருக்கீங்களாம். அழுதுக்கிட்டிருந்த பொம்பளைங்க அழுகையை நிறுத்திட்டு என்னைப் பாக்கறாங்க. துண்டை எடுத்து ஹாரன் வாயில அடைச்சேன், அப்பவும் முக்கிக்கிட்டே அடிச்சிது. கடைசியில பந்தல்காரர் கட்டிங் பிளேயரோட ஓடியாந்து ஒயரை அறுத்தாரு. உங்க அப்பா தேவநாதன் என் பக்கத்துல வந்து, "சம்பந்தி, சாவு வீட்டுக்கு வர்ற அழகா இது?" ன்னு கேட்டாரு. உங்க புள்ள மாட்டின ஹாரன்தான் சம்பந்தின்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துது, முழுங்கிட்டேன். அன்னையிலேந்து அவரு என் போனை எடுக்கறதில்ல. என் மகள் நாளைக்கு அந்த வீட்டுல எந்த மூஞ்சியோட போயி நிப்பா?

இப்ப போன வாரத்துக்கு வர்றேன். சித்திரை வெயில்ல வாரின உப்பு வரப்பு மேல மலையா குவிஞ்சி கெடக்குது. மத்தியானம் தெற்கே கறுத்துது. வீட்டுலேந்து தார்பாயை வண்டியில கட்டிக்கிட்டுப் பறந்தேன். உப்பளத்துப் பாதையில பாதி தூரம், கண்ணுக்கு எதிர்ல குவியல் தெரியுது, வண்டி அப்படியே அடங்கிடிச்சி. லைட்டும் இல்ல, குருவியும் இல்ல. உதைச்சேன், உதைச்சேன், முட்டி வலிக்க உதைச்சேன். மழை எறங்கிடிச்சி. தார்பாயைத் தோள்ல போட்டுக்கிட்டு சேத்துல ஓடறேன், அங்க உப்பளத்துல வேலை பாக்கற ஆரோக்கியசெல்வி தன் புடவை முந்தானையெல்லாம் நனைய நனைய கெடைச்ச ஓலையைப் போட்டு மூடிக்கிட்டே, "அண்ணே, சீக்கிரம் வாண்ணே, கரையுதுண்ணே" ன்னு கத்தறா. நான் போறதுக்குள்ள பாதிக் குவியல் தண்ணியாப் போச்சி மாப்ள. நாங்க ரெண்டு பேரும் நின்னு பாத்துக்கிட்டே இருந்தோம். உப்பு கரையறப்ப சத்தமே வராது. அது உங்களுக்குத் தெரியாது.

அன்னிக்கு சாயங்காலம் நீங்க போன் பண்ணீங்க. மாமா மழையாமே, உப்பு என்னாச்சின்னு கேப்பீங்கன்னு நெனச்சேன். "மாமா, வண்டி நனைஞ்சிடுச்சா?" ன்னு கேட்டீங்க. யோவ், நனைஞ்சிது வண்டியா?

(மேலே "யோவ்" என்று எழுதியது கை தவறி. அடித்துவிட்டேன். அடித்தும் தெரிகிறது என்றால் மன்னிக்கவும்.)

மறுநாள் வண்டியை வாசலில் போட்டு நானே சீட்டைக் கழற்றினேன். உள்ள ஒயரு சிக்குப் புடிச்ச மீன்வலை மாதிரி கெடக்குது. உங்க நீல லைட்டுக்கு சுவிட்சே கெடையாது, ராவும் பகலும் எரிஞ்சிக்கிட்டே பேட்டரியை உறிஞ்சியிருக்குது, நான் பத்திரமா கவர் போட்டு மூடினதால யாரு கண்ணுக்கும் தெரியல. பேட்டரியிலேந்து பாடிக்குப் போற எர்த் ஒயரு இருக்குதே, அது உப்பு அரிச்சி பச்சையாப் பூத்து, தொட்டதும் கையோட வந்துடுச்சி. பல்பு போனதும் ஆசிட்டு வழிஞ்சதும் இதாலதான். மாட்டினதையெல்லாம் புடுங்கிப் போட்டேன். இரும்பை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சி, புது எர்த் ஒயரு போட்டு முறுக்கினேன். விஜயகுமார் மீட்டர் வச்சிப் பாத்து, "சார்ஜ் கரெக்டா ஏறுதுண்ணே, நான் சொன்னன்ல?" ன்னான். என்னா சொன்னான் அவன்? ஒண்ணும் சொல்லல.

ஆகவே தெரிவிப்பது என்னவென்றால், வண்டி இப்போது ஓடுகிறது, ஆனால் என் கோபம் ஓடவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நேரில் வந்து இதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அப்படியே இடையஞ்சாவடிக்குப் போய், அந்த ஹாரன் யாருடையது என்று உங்கள் அப்பாவிடம் உங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். வராவிட்டால் திங்கட்கிழமை காலையில் வண்டியைக் கழிவெளி உப்பங்கழியில் தள்ளிவிடுவேன். இது சத்தியம். இனி அந்த வண்டி இந்த வாசலில் நிற்காது.

சரண்யாவை வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும். உங்கள் வேலை உயரவும், உடம்பு நலமாக இருக்கவும் எங்கள் அம்மன் துணை நிற்பாள்.

அன்புள்ள மாமனார்,
தட்சணாமூர்த்தி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தால் வாசலில் வண்டி இல்லை. திருடன் என்று கத்தினேன். திருடன் இல்லை, உங்கள் அத்தை. பழைய மொபெட் ஓட்டின தைரியத்தில் எடுத்துக்கொண்டு இடையஞ்சாவடி வரைக்கும் போயி, உங்க அப்பாகிட்ட எல்லாத்தையும் பேசி, காபி குடிச்சிட்டு வந்து நிக்கிறா. சம்பந்தி சிரிச்சாராம். இப்போதுதான் எனக்கும் போன் பண்ணினார். இனிமேல் வண்டியை யாருக்கும் தர மாட்டாளாம், உப்பளத்துக்கு என்னை அவளே கொண்டுபோய் விடுவாளாம். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுக்க வர வேண்டாம். சும்மா வருவதானால் பஸ்ஸில் வாருங்கள், பஸ் ஸ்டாண்டுக்கு அத்தை வந்து கூட்டிக்கொண்டு வருவாள். பின்னால் உட்காரும்போது கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும். நான் இன்றைக்கு உட்கார்ந்து பார்த்தேன்.