தாளாளர் அம்மாவுக்கு வாரியல் கொடுத்த கதை

நான் ஒரு மட்டமான நாவல் எழுதியிருக்கிறேன். அடக்கத்தால் இப்படிச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அடக்கம் எனக்கு அப்போதும் கிடையாது, இப்போதும் அவ்வளவாக இல்லை. நாவல் நிஜமாகவே மட்டம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கான மாயாஜாலக் கதை. பெயர் 'பனிமலைச் சூனியக்காரிகள்'. ஐந்து இளம் சூனியக்காரிகள், ஒரு சாபம், ஒரு காடு.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மதுரைக்கு வடக்கே போனதில்லை, பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. முதலில் குற்றாலத்தை வைத்துத்தான் எழுதினேன். பாதியில், சூனியக்காரி என்றால் பனி வேண்டாமா என்று தோன்றியது. மழை என்று வந்த இடத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் 'பனி' என்று மாற்றிவிட்டேன். (திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. மேதைகள் படிப்பதில்லை என்று நினைப்பு.)

அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரி முடித்ததும் எனக்கு ஒரு வருடம் தந்திருந்தார். புத்தகம் எடுபட்டால் இன்னொரு வருடம் எழுதலாம். இல்லையென்றால் திருநெல்வேலியில் பேங்க் பரீட்சைக்குப் பயிற்சி வகுப்பு. நான் நம்பியிருந்தது ஒரே ஆளை. எங்கள் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றின் தாளாளர் அம்மா, வெளியீட்டு விழாவுக்கு வருவதாகவும், பிடித்திருந்தால் வகுப்புக்கு வகுப்பு புத்தகத்தை வாங்கி வைப்பதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் வாங்கினால் நான் எழுத்தாளர். வாங்காவிட்டால் வட்டிக் கணக்கு.

சும்மா இருந்திருக்கலாம். விழாவுக்கு வருகிறவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது எனக்குப் பழைய பஞ்சாங்கமாகப் பட்டது. சூனியக்காரி எதில் பறக்கிறாள்? வாரியலில். (துடைப்பத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர்.) ஆகவே மேடையில் இருக்கும் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு குட்டி வாரியல், ஜரிகை சுற்றி, பொன்னாடைக்குப் பதிலாக. இப்படி ஒரு யோசனை தமிழ்நாட்டில் யாருக்கும் வந்ததில்லை என்று பெருமைப்பட்டேன். ஏன் வரவில்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும்.

இலஞ்சியில் தென்னை ஈர்க்கில் வாரியல் கட்டும் முருகையா அண்ணாச்சியிடம் போனேன்.

"இத்தனூண்டு வாரியல வச்சு எதைப் பெருக்கப் போறிய?" என்றார்.

"பெருக்க இல்ல அண்ணாச்சி. பறக்கதுக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கட்டிக் கொடுத்தார். குறை சொல்லக் கூடாது, அருமையான கட்டு.

விழாவன்று காலையில் அம்மா பையைத் திறந்து பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விருந்தாளி கையில வாரியலக் கொடுக்கப் போறியா? நம்ம வீட்டுல சண்டைன்னாதான் அத ஆளுக்கு நேரா நீட்டுவோம்."

"உனக்கு இலக்கியம் புரியாதும்மா."

"எனக்கு வாரியல் புரியும்" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குற்றாலத்தில் ஒரு சிறிய மண்டபம். வெளியே சாரல், உள்ளே சொந்தக்காரர்கள். தொகுத்து வழங்கியது என் தம்பி. எழுதிக் கொடுத்த எதையும் அப்படியே வாசிக்கிறவன். அன்றும் வாசித்தான்.

"இப்போது எழுத்தாளர் அவர்கள் தாளாளர் அம்மாவுக்கு வாரியல் கொடுத்துக் கௌரவிப்பார்கள்."

நான் சிரித்த முகத்தோடு வாரியலை நீட்டினேன். போட்டோக்காரர், "மேடம், இன்னுங் கொஞ்சம் உசத்திப் பிடிங்க" என்றார். உயர்த்தினேன். அந்தப் படம் இன்றும் வீட்டில் இருக்கிறது. அதில் நான் தாளாளர் அம்மாவை அடிக்கப் போகிறேன், அவர் கைகூப்பித் தடுக்கிறார்.

"கீழ வையிம்மா" என்றார் அவர் மெதுவாக. "வாரியலக் கைக்குக் கை வாங்கக் கூடாது. நீ வையி, நான் எடுத்துக்கிடுதேன்."

வைத்தேன். அவர் குனிந்து எடுத்துக்கொண்டார். மற்ற ஐந்து பேரும் அதே மாதிரி தங்கள் காலடியில் வைக்கச் சொன்னார்கள். மேடை முழுக்க நான் குனிந்து குனிந்து வாரியல் வைத்துக்கொண்டு போனேன். முன்வரிசையில் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது இன்னும் மோசம்.

பிறகு தாளாளர் அம்மா பேச எழுந்தார். போச்சுடா என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. அதைவிட மோசமான காரியம் செய்திருந்தார். புத்தகத்தை முழுதாகப் படித்திருந்தார்.

"ஒம்பதாங் கிளாஸ் பிள்ளைகளுக்கும் வாசிக்கக் கொடுத்தேன்" என்றார். "அதுக ஒண்ணு கேக்குதுக. அஞ்சு பேருகிட்டயும் பறக்குத வாரியல் இருக்கு. பெறவு எதுக்கு நாப்பது பக்கம் காட்டுக்குள்ள நடக்காளுவ?"

நான் மைக்கைப் பிடித்து, கொஞ்சமும் தயங்காமல், "மழைல வாரியல் நனைஞ்சிரும் மேடம்" என்றேன்.

"மழையா? புத்தகத்துல பனில்லா பெய்யுது?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "'பனி சோவென்று கொட்டியது. வாய்க்கால் நிரம்பி ஓடியது. வயலெட்டா பனியில் நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டு, சூடாக வடை தின்றாள்.'"

என் அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு அத்தனை பேரும். சொந்தத் தம்பி மைக்கை மூடாமலே சிரித்தான்.

சிரிப்பு அடங்கியதும் தாளாளர் அம்மா என்னிடம், "பொய் சொல்ல மாட்டேன்மா. புத்தகம் பிள்ளைகளுக்கு ஏமாத்தமாப் போச்சு. அதனால வாங்கல" என்றார். அப்புறம் கையிலிருந்த வாரியலைத் தட்டிப் பார்த்தார், ஈர்க்கை இழுத்துப் பார்த்தார். ஒன்றுகூட உருவி வரவில்லை.

"ஆனா இது நல்ல கட்டு. எங்க ஸ்கூல்ல வாங்குதது ஒரு வாரத்துல உதுந்துருது. யாரு கட்டுனா?"

"இலஞ்சியில ஒரு அண்ணாச்சி" என்றேன்.

"பெரிய அளவுல, வகுப்புக்கு ரெண்டு வேணும். சொல்லிவிடு."

ஒரு வருடம் உட்கார்ந்து எழுதிய புத்தகம் ஒரு வகுப்புக்குக்கூட வேண்டாம், ஒரு மத்தியானத்தில் கட்டிய வாரியல் வகுப்புக்கு இரண்டு. அழுதேன். நன்றாகவே அழுதேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா திட்டவில்லை. பயிற்சி வகுப்பின் விண்ணப்பத்தை மேசையில் வைத்து, பேனா மூடியையும் கழற்றி வைத்தார். கையெழுத்துப் போட்டேன். இன்று நான் ஒரு பேங்க் அதிகாரி, அதுவும் நல்ல அதிகாரி. எழுதியதை இரண்டு தடவை படித்துப் பார்க்கிறவள்.

மூன்று வருடம் கழித்து ஆலங்குளத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பழைய கதை வெளியே வரக் கூடாது என்று அம்மா எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். காபி கொடுத்தாயிற்று, வேலையைப் பற்றிப் பேசியாயிற்று. எல்லாம் கூடி வருகிற நேரத்தில் அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, "எம் மக புத்தகமெல்லாம் எழுதியிருக்கா" என்றார், ரொம்பப் பெருமையாக. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு பள்ளிக்கூட டீச்சர். எந்தப் பள்ளி என்று நாங்கள் யாரும் விசாரித்திருக்கவில்லை. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"தெரியும். எங்க ஸ்கூல்ல இன்னும் அந்த வாரியல வச்சுத்தான் பெருக்குதோம்."