பதினான்கு குறைகளும் கடைசிப் பதினெட்டு நிமிடமும்

தூத்துக்குடி,
ஞாயிறு, ஆராதனை முடிந்து சாப்பிட்ட பிறகு.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஷாம் அவர்களுக்கு,

மாமனார் ஜேசுபாதம் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவரின் இரக்கத்தால் நானும் உங்கள் அத்தை பிளாரன்ஸும் நலமாக இருக்கிறோம். என் சர்க்கரையைப் பற்றி ரேச்சல் கேட்டால் அதுவும் நலம் என்றே சொல்லவும். சென்னையில் தண்ணீர் வருகிறதா, நீங்கள் எடுக்கும் சிமெண்ட் விளம்பரங்கள் நன்றாகப் போகின்றனவா என்றெல்லாம் விசாரிப்பதுதான் முறை. ஆனால் எட்டு வருடமாக ஒரு வரி எழுதாத மனிதன் திடீரென்று சிமெண்டைப் பற்றி விசாரித்தால் நீங்களே நம்பமாட்டீர்கள். ஆகையால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எடுத்த ‘கிடங்கு எண் பதினொன்று’ காலத்துக்கும் நிற்கும் படம்தானா என்று நேற்று நம் ஊரில் ஒரு விவாதம் நடந்தது. இல்லை என்று பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

என்னை விட்டால் வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? படம் வந்த புதிதில் நான் எழுதிய பதினான்கு குறைகள் ஊரில் பிரசித்தம். முப்பத்தொரு வருடம், கப்பல் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் கம்பெனியில் வேலை பார்த்துத் துறைமுகத்தின் சந்து பொந்தெல்லாம் தெரிந்தவன் என்ற உரிமையில் எழுதியது அது. தூத்துக்குடி வெக்கையில் உங்கள் துப்பறிகிறவன் முழங்கால் வரைக்கும் கோட்டுப் போட்டுக்கொண்டு திரிகிறான், கன்டெய்னர் கதவில் போட்ட சீல் முத்திரையை வெட்டாமல் திருப்புளியால் திறக்கிறான், உப்பளத்தில் வேலை விடியுமுன் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும், அங்கே உச்சி வெயிலில் கொலை நடக்கிறது, யாராவது பொய் சொல்லும்போதெல்லாம் கப்பல் ஊதுகிறது, அத்தனை தடவை ஊதினால் ஊரில் ஒரு குழந்தை தூங்குமா, பதினான்காவதும் பெரியதுமான குறை, கடைசிவரை குற்றவாளி யார் என்று சொல்லவே இல்லை. இதையெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றின கையோடு, சபையில் அறிக்கை வாசிப்பது போல வாசித்தேன். நீங்கள் ஒன்பதாவது குறை வரை கேட்டீர்கள். பிறகு எழுந்து கையைக் கழுவினீர்கள். அதன்பின் இந்த வீட்டுக்கு நீங்கள் வரவில்லை. எட்டுக் கிறிஸ்துமஸ் போயிற்று. ஒவ்வொரு தடவையும் ரேச்சல் மட்டும் வந்து, “அவருக்கு ஷூட்டிங்ப்பா” என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு எந்தக் கம்பெனிக்காரன் சிமெண்ட் பூசுகிறான் என்று நானும் கேட்டதில்லை.

இப்போது பையன்களெல்லாம் உங்கள் படத்தைப் போனில் பார்த்துவிட்டு ஆகா ஓகோ என்கிறார்கள். ஏதோ ஒரு பத்திரிகையும் எழுதிவிட்டதாம். கல்லூரியில் பாடம் எடுக்கும் முத்துச்செல்வம் நம் தெருவில்தான் இருக்கிறார். அவர் நடத்தும் திரைப்பட வட்டத்தில், மாலை நான்கு மணிக்குப் படம், முடிந்ததும் விவாதம் என்று நோட்டீஸ் அடித்துவிட்டார். “சார், நீங்க அந்தப் பதினாலையும் வாசிச்சா போதும், கூட்டம் களைகட்டிரும்” என்றார். உங்கள் படம் நன்றாக இருக்கிறது என்று பேசத் தருவைகுளத்து மனுவேல் வந்திருந்தார். இழுவைப்படகு ஓட்டி ஓய்வு பெற்றவர், என்னைவிட இரண்டு வயது இளையவர், தொண்டை மட்டும் இன்னும் கப்பலிலேயே இருக்கிறது. நான் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டு, தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். வாசலில் அத்தை மறித்தாள். “எட்டு வருசமா அந்தப் பிள்ளைய வீட்டுப் பக்கம் வரவிடாம பண்ணினது பத்தாதுன்னு இப்ப மைக்கு வேற வச்சு ஏசப் போறீயளாக்கும்?” என்றாள். கலை வேறு குடும்பம் வேறு என்று நான் விளக்கினேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளை, இனிமேல் எழுதப்போவதை உட்கார்ந்து படிக்கவும். நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். என் அப்பா காலத்திலிருந்து, புயலடித்தாலும் சரி, சம்பந்தக்காரர் வந்தாலும் சரி, எட்டு என்றால் எட்டு. படம் வந்தபோது நம் தியேட்டரில் ஐந்தரைக் காட்சி என்று போட்டு ஆறுக்குத்தான் ஆரம்பித்தார்கள். ஏழே முக்கால் ஆனதும் நான் அத்தையை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பிற்பாடு டிவியில் போட்டபோதும் எட்டடிக்க அணைத்துவிட்டு வேதத்தில் ஒரு சங்கீதம் வாசித்தோம். நான் அதைப் பெரிய விஷயமாகவே எண்ணவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் பார்த்தவனுக்குப் படம் தெரியாதா? சோற்றுக்குப் பதம் பார்ப்பவன் பானை முழுக்கவா தின்கிறான்? இந்த நியாயத்தில்தான் முடிவைப் பார்க்காமல், முடிவு சரியில்லை என்று எட்டு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். நேற்று நான்கு மணிக்குப் போட்டார்கள். ஐந்தே முக்கால் ஆனபோது என் கால் தானாக எழுந்திருக்கப் பார்த்தது. ஜெபத்துக்கு இன்னும் இரண்டே கால் மணி நேரம் கிடந்தது. வேறு போக்கில்லாமல் உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில் தாளில் எழுதாத பதினைந்தாவது குறையையும் சொல்லிவிட வேண்டும். படத்தில் வரும் கிளார்க் தாவீது, கறுப்புக் குடையோடு வருகிறவன், பையில் சிவப்புப் பேனா, நீலப் பேனா, கையெழுத்துப் போடுமுன் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைக்கிற பழக்கம். அது நான்தான் என்று முதல் காட்சியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஊருக்கும் தெரிந்துவிட்டது. அவன்தான் கடத்தல்காரர்களுக்கு உள்ளிருந்து கதவு திறந்துவிடுகிறான் என்று படம் நெடுக எல்லாரும் சந்தேகப்படுகிறார்கள். நானும் சந்தேகப்பட்டேன், என் மேலேயே. கறிக்கடை சுடலைராஜ் ஒரு மாதம் என்னை, “வாங்க வில்லன் அண்ணாச்சி, ஈரல் வேணுமா?” என்றுதான் கூப்பிட்டான். மகளைக் கொடுத்த வீட்டில் என்னை இப்படி எடைபோட்டு வைத்திருக்கிறார்களே என்று வந்த ஆத்திரத்தைக் கோட்டு மேலும் கப்பல் ஊதல் மேலும் காட்டினேன். மற்றபடி ஒரு மனிதன் கோட்டுப் போட்டால் எனக்கென்ன?

அந்தக் கடைசிப் பதினெட்டு நிமிடத்தில் தாவீது கையெழுத்துப் போட மறுக்கிறான். பெட்டிக்குள் ஒன்று, காகிதத்தில் வேறொன்று, இதில் என் பெயர் ஏறாது என்கிறான். வேலை போகும் என்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறான், பேனாவை மூடிப் பையில் வைக்கிறான், லாரிக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறான். கம்பெனியில் இருந்த காலத்தில் என் வாழ்க்கையில் நடந்தது அப்படியே இதுதான். மேலாளர் வேலை எனக்கு வரவேண்டியது, ஆறு வருடம் தள்ளிப்போனதும் இதனால்தான். இந்தக் கதையை அத்தையைத் தவிர ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். உங்கள் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் கொடுக்கச் சாத்தான்குளம் போனோமே, அந்தக் காரில் உங்களிடம். நான் சொல்லச் சொல்ல நீங்கள் கார்க் கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தீர்கள். காதில் விழவில்லை என்று நினைத்து, உடன்குடிக் கருப்பட்டி விலைக்குப் பேச்சை மாற்றினேன். மாப்பிள்ளை, உங்கள் காதில் விழுந்திருக்கிறது. ஒரு சொல் விடாமல் விழுந்திருக்கிறது. கம்பெனியில் எனக்கு ஒரு சால்வை போட்டு அனுப்பினார்கள், நீங்கள் ஒரு படமே எடுத்து வைத்திருக்கிறீர்கள். அதற்குப் பதினான்கு குறை எழுதிச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்த பாவி நான்.

விளக்குப் போட்டார்கள். மனுவேல் முதலில் பேசினார். “துப்பறியுத படம்னா ராத்திரி, மழை, சந்துன்னு எடுப்பாவ. இந்தத் தம்பி உப்பளத்து வெயில்ல எடுத்துருக்காரு. வெள்ளையா உப்பு, அதுக்கு நடுவுல ஒரு மனுசனோட நிழல். வெளிச்சத்தப் பாத்து நான் பயந்தது இந்தப் படத்துலதான். அது போதும், படம் நிக்கும்” என்றார். எனக்குக் கைதட்டத் தோன்றியது. ஆனால் எதிர்க்கட்சிக்காரன் கைதட்டக் கூடாதே என்று கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். என் முறை வந்தது. தாளைப் பிரித்தேன். அச்சடித்தது போல எல்லா எழுத்தும் தெரிந்தது, ஆனால் அதைத் திரும்ப நாலாக மடித்துப் பையில் வைத்தேன். “இந்தப் படத்தோட முடிவ நான் இன்னைக்குத்தான் பாக்கேன்” என்றேன். எண்பது பேர் சிரித்தார்கள். பிறகு நான் சொன்னது இதுதான்: எட்டு வருடம் ஒரு படத்தைத் திட்டுவதற்காக ஒவ்வொரு காட்சியையும் மனப்பாடமாக வைத்திருந்தேன். எனக்குப் பிடித்த படம் ஒன்றின் கதையைக்கூட இப்படி வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. பிடிக்காதவனையும் விடாமல் பிடித்து வைத்திருக்கிற படம் நிற்கும் படம்தான். சீல் விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன், மற்ற பதின்மூன்றையும் வாபஸ் வாங்குகிறேன்.

முத்துச்செல்வம் பதறிப்போனார். “சார், ரெண்டு பேரும் ஒரே பக்கம் பேசினா இது விவாதமே இல்லையே, இன்னும் அரை மணி நேரம் ஹாலுக்கு வாடகை கட்டியிருக்கே” என்றார். மனுவேல் பெரிய மனசு பண்ணி எழுந்து, “சரி, அண்ணாச்சிக்காக நான் எதுத்துப் பேசுதேன்” என்று தொடங்கினார். பெரியதாழை ஊர் மீன்பிடி வள்ளத்தைத் தருவைகுளம் வள்ளம் என்று காட்டியிருக்கிறீர்களாம். அரை மணி நேரமும் அந்த வள்ளத்தைப் பற்றியே பேசினார். என்னைவிட நன்றாகத் திட்டினார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து எட்டு மணி ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொன்னேன். வழக்கமாக ரேச்சல் பெயரோடு “குடும்பத்தாரும்” என்று சேர்த்துவிடுவேன், நேற்று ஷாம் என்றே சொன்னேன். அத்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஜெபத்தில் கண் திறக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மாப்பிள்ளை, என்னை மன்னிக்க வேண்டும். என்னை அப்படி ஒரு மனிதனாகப் பார்த்ததற்கு நன்றி. இந்தக் கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். வாசிக்க என் கையில் எந்தத் தாளும் இருக்காது.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ரேச்சலுக்கு எங்கள் அன்பு முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
பொ. ஜேசுபாதம்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அத்தை வந்து நிற்கிறாள். நேற்று நடந்ததெல்லாம் அவள் ரேச்சலுக்குப் போனில் சொல்லிவிட்டாளாம், நீங்கள் இருவரும் இன்றைக்கே முத்துநகர் ரயிலில் ஏறுகிறீர்களாம், காலையில் ஸ்டேஷனுக்கு நான் வரவேண்டுமாம். ஆகவே இந்தக் கடிதம் நீங்கள் சென்னை திரும்பின பிறகுதான் உங்கள் கைக்குக் கிடைக்கும். அதற்குள் இங்கே நேரில் இதில் ஒரு வார்த்தைகூட என் வாயில் வந்திருக்காது. “படம் பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்திருப்பேன். அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். நான் பேசியதை விட்டுவிட்டு, எழுதியதை எடுத்துக்கொள்ளவும்.