வலப்பக்கத்து வாஷர்

தன் விமானத்தில் தன்னைத் தவிர ஒரு ஈயும் ஏறக் கூடாது என்று வெண்டல் நார்டால் தீர்மானித்தார். ஈ என்றால் மார்லிஸ். கட்டிய மனைவி.

கராஜில் அவர் விமானம் கட்டத் தொடங்கிய நாளிலிருந்து மார்லிஸின் கார் வெளியே நின்றது. விஸ்கான்சின் பனியில் நின்றது. காலையில் காரைத் தோண்டி எடுத்துத்தான் அவள் வேலைக்குப் போக வேண்டும். ஒரு நாள் மண்வாரியை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

“இது பறக்குமா, வெண்டல்?”

“பறக்கும்.”

“ரெண்டு சீட்டுதானே?”

“ரெண்டுதான்.”

“அப்பச் சரி. ஞாயித்துக்கிழமை தவறாம அக்கா வீட்டுக்குப் போயிரலாம்.”

அக்கா ஆர்டிஸ் வீட்டில், டப்பா சூப்பை ஊற்றி அடுப்பில் வேகவைத்த உருளைக்கிழங்கு உண்டு. அவள் புருஷன் கெய்லார்டின் முழங்கால் ஆபரேஷன் கதையும் உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் தொடங்கும் கதையில், மயக்க மருந்து வருவதற்குள் கேட்பவருக்கு மயக்கம் வந்துவிடும். காரில் போவதென்றால் தூரத்தைச் சாக்குச் சொல்லலாம். விமானத்தை வைத்துக்கொண்டு என்ன சாக்குச் சொல்வது?

புது விமானத்தைச் சோதித்துப் பறக்கும் காலத்தில் வேறு ஆளை ஏற்றக் கூடாது. சட்டமே வெண்டலின் பக்கம் நின்ற பொற்காலம் அது. சாம்பல் நிற வானத்தில் தன்னந்தனியாக மிதந்தார். கீழே ஏரிகள் உறைந்து கிடந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை. வாழ்நாளில் அவ்வளவு நிம்மதி அவருக்குக் கிடைத்ததில்லை, அது முடியப் போகிறதே என்று மேகத்துக்குள்ளேயே அழுகை வந்தது.

சோதனை முடிந்த அன்று வெண்டலின் மூளை குறுக்கு வழியில் ஓடியது.

ஹெட்செட்டுக்குப் போகும் வயரின் மேல் மெல்லிய உலோகக் கம்பியால் பின்னிய உறை ஒன்று உண்டு. அதை ஒரு முனையில் மட்டும்தான் எர்த் செய்ய வேண்டும். இரண்டு முனையிலும் எர்த் ஆனால் போச்சு. இன்ஜின் வேகமெடுக்க எடுக்க, காதுக்குள் ஓர் ஊளை ஏறிக்கொண்டே போகும். இதைத் தடுக்கத்தான் ஹெட்செட்டைச் செருகும் சாக்கெட் விமானத்தின் தகரத்தில் படாமல் பிளாஸ்டிக் வாஷர் போடுவது. விமானம் கட்டுகிற எவரும் அதை மறக்கக் கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் தலைபாடாய் அடித்துக்கொள்வார்கள். வெண்டல் மறக்கவில்லை. வலப்பக்க இருக்கையின் வாஷரை வேண்டுமென்றே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மார்லிஸை உட்கார வைத்து, தரையிலேயே இன்ஜினை முடுக்கிக் காட்டினார்.

“ஐயையோ! யாரு வெண்டல் பூனை வாலை மிதிக்கிறது?”

“இன்ஜின்னா அப்படித்தான், கண்ணு. பழகிடும்.”

“உனக்குக் கேக்கலையா?”

“எனக்குப் பழகிடுச்சு.”

அவள் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்தாள். முகம் வாடிப்போயிற்று. “நான் கார்லயே போய்க்கிறேன்,” என்று இறங்கிப் போனாள். அந்த முகத்தைப் பார்த்து வெண்டலுக்கு உள்ளே ஏதோ சுருக்கென்றது. சுருக்கென்றதைப் பொருட்படுத்தாமல் இரண்டு பியர் குடித்தார்.

சனிக்கிழமை மார்லிஸ் துணி துவைத்தாள். காரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோட்டை மாட்டிக்கொண்டு விமானத்தின் வலப்பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

“ஒரு தடவை பொறுத்துப் பாக்கறேன். கிளப்பு.”

வெண்டல் மனசுக்குள் சிரித்துக்கொண்டே கிளப்பினார். ஓடுபாதையில் இன்ஜினை முடுக்கியதும் ஊளை எழுந்தது. அவர் காதில்! மேலே ஏற ஏற அதுவும் கூடவே ஏறியது.

“மார்லிஸ்! உனக்கு ஏதாவது கேக்குதா?”

“உன் குரல்தான். சர்ச்சுல கேக்கற மாதிரி கணீர்னு இருக்கு.”

“என் காதுல ஊளையிடுது!”

“இன்ஜின்னா அப்படித்தான், கண்ணு. பழகிடும்.”

வெண்டல் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

“சட்டையைத் துவைக்கறப்ப வாஷர் கையில வந்துச்சு,” என்றாள் மார்லிஸ். “எதோடதுன்னு எனக்குத் தெரியாதா? கட்டறப்ப உன் தடி விரல் உள்ள போகலைன்னு கூப்பிட்டியே, அதை மாட்டினதே நான்தான். இப்பவும் அதை என் பக்கம் மாட்டிட்டு, உன் பக்கத்ததைக் கழட்டிட்டேன். இத்தனை வருஷம் கராஜ்ல டார்ச் பிடிச்சேன், வெண்டல். பிடிக்க ஆள் வேணும், ஏற ஆள் வேண்டாமா?”

கீழே ஏரிகள் அப்படியே உறைந்து கிடந்தன. இந்தத் தடவை அவற்றைப் பார்க்க நிம்மதியாக இல்லை, வெட்கமாக இருந்தது.

“என் பக்கத்து வாஷரையாவது குடு,” என்றார் கடைசியில். “இறங்கினதும் மாட்டிக்கிறேன்.”

“நேத்தே கெய்லார்டுகிட்ட குடுத்து வச்சுட்டேன். முழங்கால் கதையை முழுசாக் கேட்டாத்தான் தருவாராம்.”