ஒரு நிமிடத்தில் அழிந்த ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

நீங்களும் என் தங்கையும் நலமென நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம், படபடக்கிற என் நெஞ்சைத் தவிர. இது என் கையாலேயே எழுதும் இரண்டாவது கடிதம். முப்பது வருடம் லிஃப்ட் ஓட்டி எண்களை மட்டும் படித்தவன், இந்த வயதில் எழுத்துக் கூட்டக் கற்று, இப்போது கண்ணில் படுகிற பலகையையெல்லாம் நின்று படிக்கிறேன்.

அதிர்ச்சிக்கு வருகிறேன். நானும் என் சிநேகிதர்கள் டெய்லரும் வெல்டரும் ஃபோனில் குரல் பதிவில்தான் பேசிக்கொள்வோம். டெய்லரின் மூலவியாதி என் வீட்டுச் சமையலறை வரை கேட்கும். எனக்குத்தான் எழுத்து வந்துவிட்டதே, ரகசியமாக எழுதிக்கொள்வோம் என்று செயலி தேடினோம். ஒன்றில் ஓயாத விளம்பரம். இன்னொன்றில் சொந்தக்காரர்கள் மொத்தமும் முன்பே உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் வெல்டர், "இதுல நம்மளத் தவிர ஒருத்தனாலயும் படிக்க முடியாது"ன்னு ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். என்னாலும் முடியவில்லை, மாப்பிள்ளை!

செவ்வாயன்று டெய்லரின் முதல் செய்தி. கண்ணாடியைத் துடைத்து, விரல் வைத்து, 'ஞாயிற்றுக்கிழமை' என்று படித்து முடித்து மூச்சு விட்டேன். மீதி வரி கண்ணெதிரே மாயம்! திரை வெறுமையாகக் கிடக்கிறது. விருந்துக்குத்தான் கூப்பிடுகிறான் என்று சிரிக்கிற முகம் மூன்று அனுப்பினேன்.

மறுநாள் அவன் தையல் கடைக்குப் போனால், மெஷினை நிறுத்தாமலே கேட்கிறான்: "யாருய்யா நீ?"

"என்னடா ஆச்சு?"

"ஞாயித்துக்கிழமை கண்ணு ஆபரேஷன், பயமா இருக்கு, கூட வர்றியான்னு கேட்டேன். பல்லக் காட்டுறே!"

நாற்பது வருடச் சிநேகம், மாப்பிள்ளை. வெறும் திரையை அவன் முன்னால் நீட்டினேன்.

"மொத வார்த்தையத்தான்டா படிச்சேன். அதுக்குள்ள அழிஞ்சிருச்சு!"

மெஷின் நின்றது. "அவ்வளவு மெதுவாவா படிக்கிறே?"

"ஞாயித்துக்கிழமைய எழுதிப் பாரு, எவ்வளவு நீளம்னு தெரியும். திங்கள்னு போட்டிருக்கலாம்ல?"

சிரித்துவிட்டான். ஞாயிறன்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு போகப்போவது நான்தான்.

ஆனால் ஒரே நிமிடத்தில் அழியும்படி வைத்த அந்த வெல்டரை நீங்கள் ஃபோனில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும். எனக்கு அந்தச் செயலியே வேண்டாம்.

தங்கைக்கு என் ஆசிகள், உங்கள் முழங்காலுக்கு என் விசாரிப்புகள்.

இப்படிக்கு, தானே கையெழுத்திடும்
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: வெல்டரை ஒன்றும் கேட்க வேண்டாம். இப்போதுதான் மருமகள் செயலியைத் திறந்து பார்த்து, "வச்சது நீங்கதான் மாமா" என்கிறாள். செயலியைப் போட்ட அன்று, செய்தி எவ்வளவு நேரத்தில் அழிய வேண்டும் என்று கேட்டுத் திரையில் ஆறு வரிகள் வந்தனவாம். 'ஒரு நிமிடம்' என்பதை மட்டும்தான் தடுமாறாமல் படித்தேன். அந்தச் சந்தோஷத்தில் அழுத்திவிட்டேன்.