ஒரு சக்கரம் உபரி

சக்கரத்தைக் கண்டுபிடித்த மேதை யாரென்று சரித்திரத்துக்குத் தெரியாது. அந்த அவமானத்தைச் சரித்திரம் இப்போது துடைத்துக்கொண்டுவிட்டது. மூன்று சக்கர வண்டிக்கு மூன்றாவது சக்கரம் தேவையே இல்லை என்ற பேருண்மையைக் கண்டுபிடித்தவர்கள் யாரென்று நமக்கு ஐயம் திரிபறத் தெரியும். நல அலுவலகத்தின் 'வாகன ஆய்வு மற்றும் இசைவாக்கக் குழு'வினர்தான் அவர்கள். அதுவும் ஒன்பதே நாளில்.

அந்தக் கண்டுபிடிப்பைக் கிட்ட இருந்து பார்க்கும் பாக்கியம் ஒருத்திக்குக் கிடைத்தது. கோப்பில் அவளுக்குப் 'பயனாளி' என்று பெயர். வயது இருபத்து மூன்று. இடது கால் குழந்தையிலேயே சூம்பிப்போனது. தொடை முதல் பாதம் வரை இரும்புச் சட்டம் மாட்டி, ஊன்றுகோலோடு நடப்பாள். அப்பா கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். அந்தக் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் அவள்தான். பட்டம் வாங்கி, பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் சோதிக்கும் வேலையும் வாங்கிவிட்டாள். பத்தாம் தேதி காலை ஒன்பது மணிக்குள் வேலையில் சேர வேண்டும். தவறினால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

பரிசோதனைக்கூடம் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பேருந்தின் முதல் படியோ அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது. அதனால்தான் மூன்று சக்கர ஸ்கூட்டர் கேட்டு மனுப் போட்டிருந்தாள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. முடுக்குவதும் கையால்தான், பிரேக் பிடிப்பதும் கையால்தான். காலுக்கு அதில் ஒரு வேலையும் கிடையாது. அதுதான் அதன் அருமை. முதல் தேதி நல அலுவலகத்தில் வண்டி வந்து இறங்கியது. இருக்கையின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடக் கசங்கவில்லை.

அவள் சாவியைக் கேட்டாள். அறியாமைதான், வேறென்ன.

அலுவலகக் கண்காணிப்பாளரே குழுவுக்குத் தலைவர். புது வண்டியை நம்பி அப்படியே கொடுத்துவிட முடியாது, ஆய்வு செய்து இசைவாக்கிய பிறகே ஒப்படைக்க வேண்டும் என்று விதி இருப்பதை அவர் பொறுமையாக விளக்கினார். அவர் அப்போதுதான் 'பயனாளியே மையம்' என்ற ஐந்து நாள் பயிற்சியை முடித்துவிட்டுத் திரும்பியிருந்தார். வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் போட்டு, நடுவில் புள்ளி வைத்து, "இதுதான் நீங்க. நாங்கள்லாம் உங்களச் சுத்தி இருக்கோம்" என்றார். அவர் சொன்னது சத்தியம். நடுவிலிருந்து அவள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் யாராவது ஒரு அதிகாரிமேல் முட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

குழுவின் திறமையைப் பற்றி ஒரு வார்த்தை. தலைவர் கடிதங்களில் நிபுணர். உறுப்பினரான பொறியாளர் குடிநீர்ப் பிரிவிலிருந்து இரவல் வாங்கப்பட்டவர். பம்பிலும் மோட்டார், வண்டியிலும் மோட்டார், அப்புறம் என்ன. எழுத்தர் படிவங்களின் காவலர். நான்காவதாக ஒரு மெக்கானிக்கும் இருந்தார். வண்டியைப் பற்றி அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே அவர் ஒருதலைப்பட்சமாகப் பேசிவிடக்கூடும் என்று கருதி, கருத்துச் சொல்லும் உரிமை அவருக்கு வழங்கப்படவில்லை.

இரண்டாம் தேதி முதல் அமர்வு, அலுவலக முற்றத்தில் நடந்தது. ஓட்டப்போவது தான் என்பதால் தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று அவள் சொன்னாள். தலைவர் பதறிப்போனார்.

"சோதிக்காத வண்டில உங்கள ஏத்திவிட்டு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நல்லா இருக்கறவங்கதான் முதல்ல ஓட்டிப் பாக்கணும். உங்க நன்மைக்குத்தாம்மா."

அப்பா தலையாட்டினார். கிடங்கிலும் அலுவலகத்திலும் அவர் தலை ஒரே திசையில்தான் ஆடும்.

தலைவருக்கு இருசக்கர வண்டியில் இருபது வருட அனுபவம். அந்த அனுபவம் முழுவதையும் அவர் முதல் வளைவிலேயே காட்டினார். உடம்பை ஒயிலாக வலப்பக்கம் சாய்த்தார். வண்டி சாயவில்லை. சாய்ந்தவர் பாட்டுக்குச் சாய்ந்திருக்க, வண்டி பாட்டுக்கு நேராகப் போனது. அவரது வலது கால் காற்றில் பிரேக்கைத் தேடித் தடவிக்கொண்டிருக்கும்போதே பூந்தொட்டிகள் இரண்டு பணியிலிருந்து ஓய்வு பெற்றன.

இறங்கி, சட்டையிலிருந்த மண்ணைத் தட்டியபடி, குறைகளை வரிசையாகச் சொன்னார். ஒன்று, வண்டி சாய மறுக்கிறது. இரண்டு, காலுக்கு வேலை தரப்படவில்லை. மூன்று, இருக்கை தாழ்ந்திருப்பதால் முழங்கால் கைப்பிடியில் இடிக்கிறது.

"சார், சாயக் கூடாதுன்னுதான் மூணு சக்கரம் வச்சிருக்காங்க" என்றாள் அவள்.

"சாயாம திரும்பினா அது திரும்பறதே இல்லம்மா."

எழுத்தர் அதை அப்படியே நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

"பிரேக் கையிலயே இருக்கு சார்."

"அப்ப கால் எதுக்கு இருக்கு?"

இந்தக் கேள்விக்கு அவள் இருபத்து மூன்று வருடமாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறாள். தலைவர் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை. கால் பிரேக் பொருத்தவும், ஒரே வேலைக்கு இரண்டு உறுப்பு வீண் என்பதால் கைப்பிரேக்கைக் கழற்றிவிடவும், இருக்கையை ஒரு சாண் உயர்த்தவும் தீர்மானமாயிற்று. தேநீர் வந்தது. அவளுக்கும் ஒரு கோப்பை தந்தார்கள். மையமல்லவா.

ஐந்தாம் தேதி இரண்டாம் அமர்வு. ஆய்வுப் படிவத்தை நிரப்பும் நாள். அன்று எழுத்தர் ஏகக் கம்பீரமாக வந்தார். படிவத்தில் பதினாறு வரிசைகள். விளக்கு, நன்று. ஒலிப்பான், நன்று. முன் சக்கரம், நன்று. பின் சக்கரம், நன்று. பேனா நின்றது.

இன்னொரு சக்கரம் மிச்சம் இருந்தது. அதற்குப் படிவத்தில் வரிசை இல்லை.

சாதாரண மனிதர்களாக இருந்தால் இந்த இடத்தில் படிவத்தைத் திருத்தியிருப்பார்கள். குழு அப்படிப்பட்ட அவசரக்காரர்களைக் கொண்டதல்ல. ஓரத்தில் எழுதலாமா என்று பொறியாளர் கேட்டார். ஓரத்தில் எழுதினால் கணினி ஏற்காது என்றார் எழுத்தர். மேலிடத்துக்குத் தொலைபேசி போட்டார்கள். படிவம் இறுதியானது, வண்டிதான் படிவத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்று அங்கிருந்து பதில் வந்தது. ஒன்றேகால் மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில், தண்ணீர்க் குழாய்களுக்கு நடுவே இத்தனை வருடம் வீணடிக்கப்பட்ட மூளை ஒன்று விழித்துக்கொண்டது.

"படிவத்துல இல்லாத பாகம்னா அது உபரி பாகம்தானே சார்?" என்றார் பொறியாளர். "உபரிய பண்டகசாலைல ஒப்படைச்சு ரசீது வாங்கிடலாம். பின்னாடி ஒரே சக்கரமா போட்டுட்டா வண்டியும் நல்லா சாயும்."

உடனே மூவருடைய கைப்பேசிகளும் அடுத்தடுத்து ஒலித்தன. ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தாள். "அத எடுத்தா நான் விழுந்துடுவேன் சார்."

"விழறதப் பத்தி ஏம்மா இப்பவே நினைக்கறீங்க?" என்றார் தலைவர், நிஜமான வருத்தத்தோடு. பயிற்சியின் நான்காம் நாள் முழுக்க 'நேர்மறைச் சிந்தனை'தான்.

அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்தார். "படிச்சவங்க பேசிட்டிருக்காங்க. நீ சும்மா இரு கண்ணு."

"நானும் படிச்சவதாம்பா."

அவர் கையை விட்டுவிட்டார். ஆனால் அந்த நேரத்தில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது தலைவரின் முகத்தை; அது கோணிவிடக் கூடாதே என்று.

மறுநாள் அவள் அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த கொட்டகைக்குப் போனாள். மெக்கானிக் பின்சக்கரங்களின் அச்சைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார். ஒற்றைச் சக்கரத்துக்கான சட்டம் பாதி ஏறியிருந்தது. அந்த மனிதரின் கை சுத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. எஞ்சினை ஓடவிட்டு, காற்றும் பெட்ரோலும் கலக்கும் திருகைக் கால் சுற்றுத் திருப்பினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். மயிரிழை அளவு பின்னால் திருப்பினார். உறுமிக்கொண்டிருந்த எஞ்சின் மெல்ல இறங்கி, தூங்கும் பூனைபோல ஒரே சீராக மூச்சுவிட்டது. இவ்வளவு தெரிந்த ஆள்.

"இத எடுத்தா என்னால ஓட்ட முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே அண்ணா?"

"எனக்குத் தெரியாதாம்மா? என்னை யாரு கேட்டாங்க?"

"கேக்காட்டி என்ன, சொல்லலாம்ல."

"சொன்னா அடுத்த வண்டிய வேற ஆள் கழட்டுவான்."

"அதனால இத நீங்க கழட்டறீங்க."

அவர் நட்டை இறுக்கினார். நன்றாகவே இறுக்கினார்.

ஒன்பதாம் தேதி இறுதி அமர்வு. இதற்குப் 'பயனாளிப் பொருத்தம்' என்று பெயர். வண்டிக்கு மெழுகு பூசி, கைப்பிடியில் ரிப்பன் கட்டி, நடு ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார்கள். புகைப்படக்காரர் வந்திருந்தார். ஒரு சாண் உயர்ந்துவிட்ட இருக்கையில் அவளால் ஏற முடியவில்லை. அப்பா குனிந்து, அக்குளில் கை கொடுத்து, பழகிய லாகவத்தோடு மூட்டையைப்போல் தூக்கி வைத்தார். எல்லாரும் சிரித்தபடி நின்றார்கள். படம் பிரமாதமாக வந்தது.

"இப்ப ஸ்டாண்ட எடுங்க" என்றார் தலைவர்.

மெக்கானிக் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, யாரும் சொல்லாமலே, பின்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடிக்கக் கூடாது, பயனாளியின் தன்னம்பிக்கை போய்விடும் என்று தலைவர் கண்டித்தார். மெக்கானிக் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

வண்டி சாய்ந்தது. குழு எவ்வளவு பாடுபட்டதோ அவ்வளவு அழகாகச் சாய்ந்தது. இடது பக்கமாக. அந்தப் பக்கம் ஊன்ற அவளுக்கு இருந்தது ஒரு இரும்புச் சட்டம் மட்டுமே. அது சிமென்ட் தரையில் கீறிக்கொண்டு போன சத்தம் மாடி வரைக்கும் கேட்டது.

பொறியாளர்தான் முதலில் ஓடிவந்தார். "கண்ணாடி உடைஞ்சிருச்சா பாருங்க."

கண்ணாடி உடையவில்லை. குழுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு அப்பா அவளைத் தூக்கி உட்காரவைத்தார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. குழு உள்ளே போய்ப் பத்து நிமிடம் ஆலோசித்தது. வெளியே வந்ததும் எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்மானத்தை வாசித்தார்:

"வண்டி பதினாறு இனங்களிலும் தேர்ச்சி பெற்றது. பயனாளி தேர்ச்சி பெறவில்லை. வண்டியில் யாதொரு குறையும் காணப்படாததால், குறை பயனாளியிடமே உள்ளது தெளிவாகிறது. பயனாளி தம்மை உரிய முறையில் இசைவாக்கிக்கொண்டு ஆறு மாதங்களுக்குப் பின் மறு ஆய்வுக்கு ஆஜராகப் பரிந்துரைக்கப்படுகிறது. அதுவரை வண்டி துருப்பிடிக்காமல் காக்கும் பொருட்டு, தலைவர் அதனைத் தினந்தோறும் தாமே ஓட்டிப் பராமரிப்பார்."

எத்தனை பெரிய பொறுப்பு. தலைவர் அதை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார்.

நாளைக்கு வேலையில் சேர வேண்டும் என்று அவள் சொன்னாள். மூன்றாவது சக்கரத்தை மாட்டி இப்போதே கொடுத்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றாள். சக்கரத்துக்கு ரசீது போட்டாகிவிட்டதே என்று எழுத்தர் உண்மையாகவே அவளுக்காகப் பரிதாபப்பட்டார். தீர்மானத்தின் அடியிலிருந்த 'திருப்தி' என்ற கட்டத்தில் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் மறு ஆய்வைச் சுருக்காக முடித்துத்தருவதாகத் தலைவர் தன் பேனாவையே நீட்டினார்.

"போட்டுடு கண்ணு" என்றார் அப்பா. "பெரியவங்களப் பகைச்சுக்கிட்டு நாம எங்க போறது?"

அவள் பேனாவை வாங்கினாள். 'திருப்தி' என்ற கட்டத்தில் "விழுந்தேன்" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். கட்டம் நிரம்பியிருப்பதைப் பார்த்த எழுத்தர் முத்திரை குத்தினார். தலைவர், பொறியாளர், எழுத்தர் மூவரும் ஒப்பமிட்டார்கள். சாட்சி என்ற இடத்தில் மெக்கானிக் ஒப்பமிட்டார்.

"இந்தத் தீர்மானத்துல எனக்கு ஒரு நகல் வேணும் சார்."

தலைவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் குழுவின் உழைப்பை மதித்து நகல் கேட்ட முதல் பயனாளி அவள்தானாம். இரண்டு நகலாகவே கொடுக்கச் சொன்னார்.

பத்தாம் தேதி. விடிந்ததும் விடியாததுமாக அப்பா கிடங்கிலிருந்து ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். பின்னால் சாக்கை மடித்துக் கட்டி அவளை உட்காரவைத்தார். இரும்புச் சட்டம் சக்கரத்தில் மாட்டாமலிருக்க, காலைத் துண்டால் கட்டினார். ஐம்பத்தெட்டு வயது. ஏழாவது கிலோமீட்டரில் மேடு தொடங்கியதும் அவர் மூச்சு விடும் சத்தத்தில் வேறெதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. இறங்கித் தள்ளலாம் என்று அவள் சொன்னாள். நேரமாகிவிடும் என்றார்.

பின்னாலிருந்து ஒலிப்பான் கேட்டது. தலைவர் பராமரித்துக்கொண்டு வந்தார். கைப்பிடியில் ரிப்பன் இன்னும் இருந்தது. முன்னால் அவர் மனைவியின் காய்கறிப் பை. எஞ்சினிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. மேட்டை மேடென்றே அது மதிக்கவில்லை. வளைவில் வண்டியும் அவரும் ஒன்றாகச் சாய்ந்து திரும்பியது கண்கொள்ளாக் காட்சி.

தலைவர் தங்களைக் கடக்கும்போது அப்பா ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து அவருக்குக் கும்பிடு போட்டார். சைக்கிள் தடுமாறியது.

"ரெண்டு கையாலயும் பிடிப்பா" என்றாள் அவள். குரல் உயரவில்லை. ஆனால் அப்பா அதற்குப் பிறகு கையை எடுக்கவில்லை.

ஒன்பது அடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது பரிசோதனைக்கூடத்தின் வாசலை அடைந்தார்கள். அப்பா சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே, பணியேற்புப் படிவத்தை நீட்டிய பெண் அலுவலர், ஒரு கட்டம்கூடக் காலியாக விடக் கூடாது என்று சொன்னார். பெயர், வயது, கல்வி எல்லாம் எழுதினாள். 'சொந்த வாகனம் உண்டா? விவரம் தருக' என்று ஒரு கட்டம் இருந்தது.

அவள் பையிலிருந்து நகலை எடுத்துப் படிவத்தோடு குண்டூசியால் சேர்த்துக் குத்தினாள். பிறகு அந்தக் கட்டத்தில், கோணலில்லாமல், நிதானமாக எழுதினாள்:

"உண்டு. களவு போயிற்று. திருடியவர்களின் ஒப்புதல் வாக்குமூலம், நால்வர் கையெழுத்துடனும் அலுவலக முத்திரையுடனும் இணைக்கப்பட்டுள்ளது."