பொருள்: முன்பக்கக் கொக்கி தொடர்பாக

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தானும் பெரியவனும் மருமகளும் நலமாக உள்ளோம். என் வலது தோள்பட்டை மட்டும் எங்களோடு ஒத்துப்போகவில்லை. உன் நலமும் உன் வீட்டுக்காரர் நலமும் அறிய ஆவல், குறிப்பாக உன் நலம். கடிதம் ஏன் ஒரு பார்சலுக்குள் கிடக்கிறது என்று திகைக்க வேண்டாம். மேல் உறையில் கொட்டை எழுத்தில் "பெண்கள் உள்ளாடை" என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். அதற்குக் காரணம் உண்டு, கடைசியில் வருகிறேன். முப்பத்திரண்டு வருஷம் அலுவலகத்தில் தட்டச்சு அடித்தவள் நான், எது மேலே வரணும், எது கீழே வரணும் என்று எனக்குத் தெரியும். சுருக்கமாகச் சொன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு கடையை மூட வேண்டும். மூடுவதற்கு முன்னால் ஒருத்தி எனக்குப் பதில் போட வேண்டும். போடமாட்டேன் என்கிறாள். அதற்கு உன்னிடம் யோசனை கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு ஏது கடை என்று கேட்பாய். உனக்கு இது எதுவும் தெரியாது என்றே வைத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்கிறேன். எல்லாம் இந்தத் தோள்பட்டையில் ஆரம்பித்தது. கை பின்னால் போகவே மாட்டேன்னு அடம்பிடிக்குது. காலையில பின்பக்கக் கொக்கியை மாட்டி முடிக்கறதுக்குள்ள, மாடிப்படி ஏறி இறங்கின மாதிரி ஆயிடுது. முன்னால கொக்கி வெச்சது இருக்கான்னு கேக்க, கடைத்தெருவுல நான் எப்பவும் வாங்கற கடைக்கே போனேன். அந்தக் கடைக்காரர் கண்ணாலேயே அளவெடுக்கறவர். நாம வாயைத் திறக்கறதுக்குள்ள ஒரு பார்வை, "உங்களுக்கு முப்பத்தாறும்மா"ன்னு எதிர்க்கடை வரைக்கும் கேக்கற மாதிரி ஒரு அறிவிப்பு, அப்புறம் திருட்டுச் சாமான் மாதிரி செய்தித்தாள்ல சுத்திக் கையில திணிச்சிடுவார். முப்பது வருஷமா நானும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வாங்கிட்டு வந்தேன். அன்னிக்கு முன்பக்கக் கொக்கின்னு கேட்டதும் மனுஷன் சொல்றாரு, "அதெல்லாம் சின்னப் பொண்ணுங்க போடறதும்மா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு?" அட கடவுளே, வயசானதாலதானே ஐயா கேக்கறேன்! இதை அங்கேயே சொல்லியிருக்கணும். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழட்டினதுக்கு அப்புறம்தான் எனக்கு வாய் வந்துச்சு.

மருமக பார்த்தா. "அத்தை, இதுக்கெதுக்கு இவ்வளவு கோபம், போன்லயே வாங்கலாம், யாரும் உங்களைப் பார்க்கமாட்டாங்க"ன்னு சொல்லி என் போன்லயே கடையைத் திறந்து குடுத்துட்டு வேலைக்குப் போயிட்டா. அதுல சுத்தளவு எத்தனை இஞ்ச்னு கேக்குது. அளவு நாடாவைத் தேடினா, அது உன் அத்தான் கையால பழைய ரேடியோவைச் சுத்திக் கட்டப்பட்டு பரண்மேல இருக்கு. அப்புறம் என்ன, நம்ம வழிதான். ஒரு நூலைச் சுத்தி எடுத்து, தரையில நீட்டி வெச்சு, தீப்பெட்டியை அடுத்தடுத்து வெச்சு எண்ணினேன். பொம்மைக்கு நாம ரெண்டு பேரும் சட்டை தைச்சு விளையாடினப்போ கண்டுபிடிச்ச கணக்கு, ஒரு தீப்பெட்டிக்கு ரெண்டு இஞ்ச். இந்த உலகத்துல இந்த அளவு தெரிஞ்சவங்க ரெண்டே பேர். மருமககிட்டகூட வெக்கப்பட்டு மூச்சு விடல. பத்தொன்பது தீப்பெட்டி வந்துச்சு. திரும்ப எண்ணினேன், பத்தொன்பதேதான். அதாவது முப்பத்தெட்டு. அந்தக் கடைக்காரர் கண்ணை நம்பி முப்பது வருஷமா நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வாழ்ந்திருக்கேன்டி! ஆபீஸ்ல எனக்கு முசுடுன்னு பேர் வெச்சிருந்தாங்களே, பாதிக் காரணம் இதுதான்னு இப்பத் தோணுது.

மூணாம் நாள் பார்சல் வந்துச்சு. உன் அத்தான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். என்னன்னு படிச்சுப் பார்த்ததும், சூடான பாத்திரத்தைத் தூக்கற மாதிரி ரெண்டு விரலால தூக்கிட்டு வந்து, "உன் அந்தச் சாமான் வந்திருக்கு"ன்னு மேஜைமேல வெச்சிட்டு மொட்டைமாடிக்குப் போனவர், சாப்பாட்டுக்குத்தான் இறங்கி வந்தார். போட்டுப் பார்த்தேன். சொன்னா நம்பமாட்டே, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வலியில்லாம ஒரு கொக்கி மாட்டறதுக்கு ஐம்பத்தொன்பது வயசாக வேண்டியிருந்திருக்கு எனக்கு. அந்த நேரம் பார்த்து போன்ல ஒரு பெட்டி வந்து, "உங்கள் கருத்தை எழுதுங்கள்"னு கேட்டுச்சு. கேட்டா எழுதாம இருக்கலாமா? கம்பெனியில யாரோ ஒரு அதிகாரி மேஜைக்குப் போகும்னு நினைச்சு, முறைப்படி எழுதினேன்:

"அம்மையீர், பொருள்: முன்பக்கக் கொக்கி தொடர்பாக. பார்வை: தங்கள் பார்சல், இன்று பெறப்பட்டது. பார்வையில் கண்ட பொருள் நல்ல நிலையில் கிடைக்கப்பெற்று, அணிந்து பார்க்கப்பட்டது. கடந்த முப்பதாண்டுகளாக நான் தவறான அளவை அணிந்து வந்துள்ளது இதன்மூலம் தெரிய வருகிறது. மேற்படி தவறுக்கு எங்கள் கடைத்தெருக் கடைக்காரரின் கண்களே பொறுப்பு என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இனி மூச்சு விடுவதில் தடையேதுமில்லை. இரண்டாவது கொக்கி மட்டும் சற்று முரண்டு பிடிக்கிறது. ஆவன செய்ய வேண்டுகிறேன். இப்படிக்கு, ஓய்வு பெற்ற தட்டச்சர். நகல்: கோப்பிற்கு."

கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதைதான். நாலு நாள் கழிச்சு மருமக வேலையிலிருந்து போன் பண்றா, "அத்தை, நீங்க எழுதினதை ஊரே படிச்சிட்டு இருக்கு!" அது கடிதம் இல்லையாம், விளம்பரப் பலகை மாதிரி எல்லாரும் பார்க்கற இடமாம். பதினோராயிரம் பேர் "பயனுள்ளது"ன்னு அமுக்கியிருக்காங்க. அதுக்குக் கீழே வரிசையா கேள்வி. "அம்மா, எனக்கும் அந்த மாதிரி ஒரு கடைக்காரர்தான், என் அளவும் தப்பா இருக்குமோ?" "குழந்தைக்குப் பால் குடுக்கறேன், எது வாங்கறது?" "ஹாஸ்டல்ல காயப்போட வெக்கமா இருக்கு, ஈரத்தோடயே போட்டுக்கறேன், பரவாயில்லையா?" ஒருத்திக்கு என் வயசு, பேரன் எடுத்தாச்சு, இதைப்பத்தி இதுவரைக்கும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டதில்லைன்னு எழுதியிருந்தா. வந்த தபாலுக்கு மூணு நாளுக்குள்ள பதில் போகணும், அது என் ஆபீஸ் பழக்கம். ஒவ்வொருத்திக்கும் பொருள், பார்வை எல்லாம் போட்டு உட்கார்ந்து பதில் எழுதினேன். யோசிச்சுப் பார்த்தா எனக்கே ஆச்சரியமா இருக்கு. வீட்டு ஆம்பளைங்களோட காலர் அளவு, இடுப்பளவு, செருப்பு அளவு எல்லாம் நமக்குத் தலைகீழ்ப் பாடம். நம்ம அளவு நமக்குத் தெரியாது. கேக்கவும் ஒரு ஆள் கிடையாது. யாரும் முகத்தைப் பார்க்காத ஒரு இடம் கிடைச்சதும் எல்லாப் பொண்ணுங்களும் ஒரே நேரத்துல வாயைத் திறந்துட்டாங்க.

அதுலேருந்து கடை வரைக்கும் போனது மருமக வேலை. எனக்குன்னு ஒரு பக்கம் திறந்து, "தட்டச்சரம்மா"ன்னு பேர் வெச்சா. எதிர் வீட்டுத் தையல்காரம்மா, கை தூக்க முடியாதவங்களுக்குன்னே பெரிய கொக்கி வெச்சுத் தைச்சுக் குடுத்தாங்க. அளவு கேட்டு, சொல்லி, தைச்சு, மடிச்சு அனுப்பறதுன்னு ஆறே மாசத்துல கூடத்துல நடக்க வழியில்லை. உன் அத்தான் முதல் மாசம் பூரா அந்தப் பக்கமே திரும்பாம, சுவரோட சுவரா நடந்தார். ஒருநாள் என் கையெழுத்தைப் பார்த்துட்டு, "இந்தக் கிறுக்கலுக்குப் பார்சல் எங்க போய்ச் சேரப்போகுது"ன்னு பேனாவைப் பிடுங்கினவர்தான், இப்ப முகவரி அத்தனையும் அவர் கைதான். "நான் உறையைத்தான் எழுதறேன், உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது"ன்னு தினமும் ஒருதரம் சொல்லிக்குவார். வெள்ளம் தலைக்கு மேல போனா சாண் என்ன, முழம் என்ன!

பெரியவன்தான் வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சான். அவனோட மேனேஜர், எல்லாரும் உட்கார்ந்திருந்த கூட்டத்துல, "உங்க அம்மா என் மனைவிக்கு ரொம்பச் சரியா அளவு சொன்னாங்க, நன்றி சொன்னேன்னு சொல்லுங்க"ன்னு சொல்லிட்டாராம். நல்ல மனுஷன், மரியாதைக்குச் சொல்லியிருக்கார். இவன் வீட்டுக்கு வந்து, "மானம் கப்பலேறிப் போச்சும்மா, இந்த ஞாயிற்றுக்கிழமையோட எல்லாத்தையும் அழிச்சிடணும்"னுட்டான். மருமக அவனை முறைச்சா. உன் அத்தான் பேனாவை மூடி வெச்சார். நான், பெத்த பிள்ளை தலைகுனிஞ்சு நிக்கறானேன்னு, "சரிப்பா"ன்னு சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதான்.

இப்ப வரேன் என் கவலைக்கு. பக்கத்தை அழிச்சா அதுல வந்த கேள்வியெல்லாம் போயிடும். மத்ததுக்கெல்லாம் பதில் போட்டாச்சு. ஒருத்தி பாக்கி. தன் பேரை "பேர் வேண்டாம்"னு போட்டிருக்கா, நானும் அப்படியே வெச்சுக்கறேன். பதினோரு நாளைக்கு முன்னாடி எழுதினா: "இடது பக்கம் ஒரு மாசமா உராயுது. உள்ள நிலக்கடலை அளவு கெட்டியா என்னமோ தட்டுப்படுது. வலி இல்லை. ஒரு அளவு பெருசா வாங்கினா சரியாயிடுமா?" படிச்சதும் அடுப்பை அணைச்சிட்டு வந்து உட்கார்ந்தேன். பொருளும் போடல, பார்வையும் போடல. "இதுக்கு அளவு கிடையாதும்மா, டாக்டர்தான். நாளைக்கே போ, போயிட்டு வந்து எனக்கு எழுது"ன்னு ரெண்டே வரி அனுப்பினேன். படிச்சிட்டா, படிச்சதுக்கு அடையாளம் விழுந்திருக்கு. பதில் இல்லை. அப்புறம் தினமும் ஒண்ணு எழுதறேன். தினமும் படிக்கறா, வாயே திறக்கறதில்லை. முக்காவாசிக் கட்டி ஒண்ணுமில்லாததுதான், ஆனா அதை டாக்டர் சொல்லணும், நீயும் நானும் சொல்லக்கூடாதுன்னு எழுதினேன். பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமான்னு திட்டியும் எழுதினேன். அசையல. அவளுக்கு என்ன பயம்? ஆம்பளை டாக்டரா இருப்பாரோன்னா? வீட்டுல சொன்னா, "வலிக்குதா? இல்லையே, அப்புறம் என்ன"ன்னு முடிச்சிடுவாங்களோன்னா? இல்ல, டாக்டர் என்ன சொல்லிடுவாரோன்னா? எதுவா இருந்தாலும் அது அவ குத்தமில்லை, சத்தியமா இல்லை. நீயே சொல்லு, அவ இடத்துல நீ இருந்தா, நான் என்ன எழுதினா எழுந்து போவே?

யோசிச்சு வை. மற்றபடி ஞாயிற்றுக்கிழமையோடு கடை மூடப்படும், இணையத்துக்கும் எனக்கும் உள்ள உறவு அத்தோடு முடியும், மீதி நாளை உன் அத்தானோடு செய்தித்தாளைப் பங்கு போட்டுப் படித்துக் கழிப்பேன். உன் வீட்டுக்காரருக்கு எங்கள் வணக்கம். முதுகு நிமிர்ந்து, தாராளமாக மூச்சு விட்டு, நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கும்,

உன் அக்கா (தட்டச்சர், ஓய்வு)

பி.கு.: எழுதினதைத் திருப்பிப் படிச்சேன், ஒரு விவரம் விட்டுப்போச்சு. பேர் வேண்டாம் தன் சுத்தளவையும் எழுதியிருந்தா. மத்தவங்கெல்லாம் இஞ்ச்ல எழுதுவாங்க, சென்டிமீட்டர்ல எழுதுவாங்க. அவ எழுதினது, பதினேழரைத் தீப்பெட்டி.

கைப்பழக்கத்துல எழுதினியா, அக்கா கண்டுபிடிக்கட்டும்னு எழுதினியா, நான் கேக்கமாட்டேன். நீதான் பதில் போடல, நானே உன்கிட்ட நேராப் பேசிடலாம்னு பார்த்தா, போன் பண்ணினா உன் வீட்டுக்காரர் எடுத்து ஸ்பீக்கர்ல போட்டுடறார், கடிதம் வந்தா அவரே பிரிச்சுப் படிச்சிட்டுத்தான் உன்கிட்ட குடுக்கறார். அவர் விரல் படாத உறை இந்த உலகத்துல இது ஒண்ணுதான். உறை எழுதினது உன் அத்தான், இந்தத் தடவை உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சே எழுதினார். மேலே சொன்னபடி கடை மூடுவது இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது. பெரியவன்கிட்ட அந்தக் கேள்வியைக் காட்டினேன், யார்னு சொல்லல, தீப்பெட்டியைக் காட்டல. வாங்கி ரெண்டு தரம் படிச்சான். அப்புறம் "மூடாதம்மா, அவங்க திரும்ப வந்து பார்த்தா என்ன பண்ணுவாங்க"ன்னான்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ல வரேன். உன் வீட்டுக்காரர்கிட்ட, அக்கா தோள்பட்டையை டாக்டர்கிட்ட காட்டத் துணைக்குப் போறதாச் சொல்லு. டாக்டரம்மாகிட்ட பதினோரு மணிக்கு நேரம் வாங்கியாச்சு. பேர் கேட்டாங்க, என் பேரைக் குடுத்திருக்கேன், அங்க போய் மாத்திக்கலாம். அவங்க என்ன சொன்னாலும் நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருப்பேன். பார்சல்ல இருக்கறது உன் அளவுதான், கொக்கி முன்பக்கம். அன்னிக்கு அதையே போட்டுக்கிட்டு வா, கை நடுங்கினாலும் கழட்டிடலாம்.