ராணியம்மாள் நம் ஆயாதான், மறந்துவிடாதே

திருவண்ணாமலை,
வியாழக்கிழமை.

அன்புள்ள அக்கா பச்சையம்மாளுக்கு, தம்பி ஆதிமூலம் வணங்கி எழுதுவது.

இங்கே நானும் வீட்டாரும் பாத்திரக்கடையும் அதனதன் இடத்தில் இருக்கிறோம். கீழ்பென்னாத்தூரில் நீயும் மாமாவும் மல்லாட்டை விளைகிற கொல்லையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். நீ ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு மாட்டுக்குத் தவிடு வைப்பாய், தெருவே கேட்கும். இது தெரு கேட்கக் கூடாத விஷயம்.

விஷயம் என் பூஜை அறைப் பித்தளைக் குடம். அதன் கழுத்தில் ராணியம்மாள் என்று பேர் வெட்டியிருக்கும். அது யார் என்று நமக்கே தெரியாது என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பழைய பித்தளையை எடைக்கு எடுத்து எவர்சில்வர் கொடுக்கிற நம் கடையில் ஊரிலுள்ள பேரெல்லாம் வந்து விழும். பெண் வீட்டார் என்னைப் பார்க்க வந்த அன்று நம் வீட்டில் பித்தளையில் ஒரு கரண்டிகூட இல்லை. உருக்கப் போக வேண்டிய குடத்தைத் தூக்கிவந்து பரணில் வைத்து, "எங்க ஆயா ராணியம்மாள் குடம்"னு சொன்னேன். நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாய். நம் ஆயா பேர் சந்திரம்மாள், அவள் மண்குடத்தைத் தவிர எதையும் இடுப்பில் வைத்ததில்லை. ஆதிலட்சுமி நம்பிக் கழுத்தை நீட்டினாள். அதோடு விட்டாளா? இருபத்தாறு வருஷமாக ஆடி வெள்ளி தவறாமல் குடத்துக்குப் பொட்டு வைத்து, கொழுக்கட்டை படைக்கிறாள். நானும் விழுந்து கும்பிடுகிறேன், வேற என்ன பண்றது?

இப்போது என் மகள் ஓவியா. செங்கம் ரோட்டில் ஆசிரமம் பக்கம், காபிக்கடை மாடியில், வளவன் என்று ஒருவர் கவிதை வகுப்பு நடத்துகிறார். பரம்பரைப் பொருள் ஒன்றை மடியில் வைத்து, அது சொல்கிற கதையை எழுத வேண்டுமாம். ஓவியா குடத்தோடு கிளம்பியதுமே எனக்குச் சந்தேகம். பழசை வாங்கி வெளிநாட்டுக்குத் தள்ளுகிற ஆளோ என்று பின்னாலேயே போனேன். அங்கே ஒரு வெள்ளைக்காரம்மா துருப்பிடித்த சாவியைப் பார்த்து அழுகிறார், ஒரு பேங்க் மேனேஜர் பாக்குவெட்டியைத் தடவிக்கொண்டிருக்கிறார். வளவனிடம் நேராகவே கேட்டேன்.

"சார், இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"நினைவுதாங்க லாபம்."

இப்படிப் பேசுகிறவரை எந்தக் கல்லாவிலும் உட்கார வைக்க முடியாது. சந்தேகம் ஜாஸ்தியாகிவிட்டது. மகள் எழுதியதையும் பார்த்தேன்:

ராணியம்மாளே,
உன் இடுப்பு பதிந்த பள்ளத்தில்
என் உள்ளங்கை பொருந்துகிறது.
நீ கண்மூடிய கோடையில்
ஊர்க்கிணறும் வற்றியது.

அந்தப் பள்ளம் நான் மொபெட்டிலிருந்து குடத்தைக் கீழே போட்டதில் விழுந்தது. கிணறு வற்றியதை யார் சொன்னது என்றேன். அம்மா சொன்னாளாம். அம்மாவுக்கு யார் சொன்னது? ஏதோ ஒரு ஆடியில், கொழுக்கட்டைக்கு ஆசைப்பட்டு, நானேதான் சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

இதை வளவன் குடத்தின் படத்தோடு போன் போனாக அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை புத்தக வெளியீடு. குடும்பத்தில் மூத்தவர் மேடையேறி ராணியம்மாளைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டுமாம். மூத்தவள் நீ. நேற்று ஆதிலட்சுமி, "அண்ணி வரட்டும், ஆயா எந்த வருஷம் செத்தாங்கனு கேக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சரியில்லை. நீ எங்கேயாவது உளறினாயா? சத்தியமாகச் சொல்.

ஆகவே மேடையில் இவ்வளவுதான்: ராணியம்மாள் நம் ஆயா, நல்ல உயரம், கோடையில் செத்தாள். மேற்கொண்டு எதையும் சேர்க்காதே. மாமா வாயைத் திறந்தால் வடையால் அடைத்துவிடு. என் பிள்ளை முதல்முறை தன் பேரை அச்சில் பார்க்கப் போகிறாள். என் பொய்யால் அவள் தலை குனியக் கூடாது.

மாமாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. அண்ணாமலையார் உன் ஞாபகத்தை ஞாயிறு வரை காப்பாற்றி, திங்களன்று எடுத்துக்கொள்ளட்டும்.

உன் தம்பி,
ஆதிமூலம்

பி.கு.: கவரை ஒட்டும்போது கடை வாசலில் ஆட்டோ நின்றது. எழுபது வயசம்மா ஒருவர் போனை நீட்டி, "யாருய்யா நான் செத்துட்டேன்னு எழுதனது?" என்றார். ராணியம்மாள்! நீ சொல்லவிருந்த உயரத்தில் பாதிதான். ஓவியா கல்லாவில், ஆதிலட்சுமி சாப்பாட்டுக் கூடையோடு. தப்பிக்க வழியில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆதிலட்சுமி என் பக்கமே திரும்பாமல், "இருபத்தாறு வருஷமா உங்களுக்குத்தாம்மா படைச்சிட்டிருக்கேன்" என்றாள். "அதான் நோய்நொடி இல்லாம இருக்கேனா! வெல்லம் நெறைய போடுவியாம்மா?" என்றார் அவர். குடம் வேண்டாமாம், ஞாயிற்றுக்கிழமை அவரே மேடையேறுகிறாராம், அதனால் நீ பேச வேண்டாம். ஓவியா தலை குனியவில்லை, கிணற்று வரியை அடித்துவிட்டு அந்தம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறாள். "ஊட்ல தூக்க முடியாம தூக்கியாந்த குடம், உங்கப்பா தராசுல வச்சதும் எளைச்சுப் போச்சும்மா" என்றாரா, அவ்வளவுதான், "அப்பா, அந்தப் பழைய தராசு எங்க?" என்று ஆரம்பித்துவிட்டாள். அடுத்த கவிதை அதுவாம். தராசைச் சாக்கில் கட்டி, இந்தக் கடிதத்தோடு சாயங்கால பஸ்ஸில் ஏற்றுகிறேன். வைக்கோல் போருக்குள் தள்ளிவிடு. யாராவது பார்த்துவிட்டுக் கேட்டால் என்ன வேண்டுமானாலும் சொல், நம் ஆயாவுடையது என்று மட்டும் சொல்லாதே.